‘மர்ம நபர்’களோடு ஆறு நாள்

மார்ச் 19, 2024, செவ்வாய். பாரிமுனை

ஆர்மேனியன் தெரு எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்கிறார்கள். “அரண்மனைக்காரத் தெருவா?” என்று திருப்பிக் கேட்ட சுமைதூக்கும் பெரியவர்தான் கை நீட்டி வழி காட்டினார். ஆர்மேனியர் மக்கள் வாயில் அர்மனிக்காரர் ஆகி, பிறகு அரண்மனைக்காரரே ஆகிவிட்டார்கள். 1772இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் அப்படியே நிற்கிறது. கும்பிடத்தான் அந்தச் சமூகத்தார் ஊரில் ஏறக்குறைய இல்லை.

வந்திருப்பது ஒன்பது பேர். கோவையிலிருந்து மூவர், நாகர்கோவிலிலிருந்து இருவர், மட்டக்களப்பிலிருந்து இருவர், காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கை, வழிகாட்ட ஒரு சென்னை நிருபர். மதக் கலவரமும் குண்டுவெடிப்பும் பார்த்த ஊர்களில் செய்தி எழுதுகிறவர்களுக்கான பயிற்சி இது. பாதி எழும்பூரில் ஒரு வாடகை அறையில், பாதி தெருவில். அறையின் ஏசி முதல் நாளே படுத்துவிட்டது. தெரு எவ்வளவோ மேல்.

அதே தெருவில்தான் அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமை என்பதால் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மெழுகுவத்தி பிடித்து நின்ற வரிசையில் நெற்றியில் குங்குமம் இட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டாயிற்று. “ஓம் அண்ணன், எங்கட பக்கமும் செவ்வாய்தான் அந்தோனியார் நாள்” என்றார் மட்டக்களப்புக்காரர். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும் செவ்வாயில் எல்லா மதத்தாரும் போவார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த மூன்று தேவாலயங்களில் அதுவும் ஒன்று. மற்றவை நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும். சீயோனில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள்.

அந்த வாரத்து எண்ணிக்கையைத்தான் முதல் பாடமாக எடுத்தார்கள். இறந்தவர்கள் 359 என்று அதிகாரபூர்வமாகச் சொல்லி, ஏப்ரல் 25இல் 253 அளவுக்குக் குறைத்தார்கள். சிதைந்த உடல் பாகங்களை இரண்டு முறை எண்ணியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே நாளில் இலங்கைக் காவல்துறை வெளியிட்ட சந்தேக நபர்கள் படத்தில் அமெரிக்காவில் வாழும் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் முகம் இருந்தது. பிறகு திருத்தம் வந்தது. அரசுத் தரப்பு சொன்னால் போதும் என்று அச்சுக்கு அனுப்புகிறவர்கள் இந்த இரண்டையும் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எண்ணைப் போடும்போது யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்ற இரண்டும் அதே வரியில் இருக்க வேண்டும். அடுத்த பத்தியில் இருந்தால் வாட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டுகிறவன் அதை விட்டுவிடுவான்.

இரவு கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா கடையில் அத்தோ. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டு கையாலேயே பிசைந்து தருகிறார்கள். தட்டு 70 ரூபாய், வாழைத்தண்டு சூப் அதோடு சேர்த்தி. அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களோடு வந்த சாப்பாடு.

பக்கத்து டீக்கடை டிவியில் ஒரே செய்தி. மார்ச் 1இல் பெங்களூரு ராமேஸ்வரம் கபேயில் குண்டு வைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர் பேசியிருக்கிறார். கடையில் இருந்தவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். காத்தான்குடித் தங்கை மட்டும் சிரித்தார். 2019 தாக்குதலின் தலைவனுக்கும் அதுதான் ஊர். “இப்ப விளங்குதா, ஊர்ப் பேரைச் சொல்லிட்டா அந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் எப்படி இருக்கும் என்று?” படுக்கப் போகும்முன் அமைச்சர் மன்னிப்புக் கேட்டதாகவும் செய்தி வந்தது.

மார்ச் 20, புதன். எழும்பூர்

நாள் முழுக்க அறைக்குள். ஏசி சரியாகவில்லை, மின்விசிறி மூன்று, அதில் ஒன்று சத்தத்துக்கு மட்டும். காலை இட்லி நன்றாக இருந்தது, சட்னி நேற்றையது.

பேசியது சொற்களைப் பற்றி. ‘மர்ம நபர்கள்’, ‘இரு தரப்பினர்’, ‘குறிப்பிட்ட பிரிவினர்’, ‘இரு பிரிவினரிடையே மோதல்’. தமிழ் நாளிதழ் படிக்கும் எவருக்கும் இவை மனப்பாடம். இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிகள் கலவரச் செய்தியில் நிதானம் கேட்கின்றன. இறந்தவர்களை மத வாரியாக எண்ணிப் போடாதே, கொதிக்க வைக்கும் தலைப்பு வைக்காதே என்கின்றன. நல்ல நோக்கம்தான். செய்தி மறுநாள் காலையில்தான் வீட்டுக்கு வரும் என்றிருந்த காலத்தில் அந்த மூடலுக்குப் பலனும் இருந்தது.

ஆனால் கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அதையடுத்த வன்முறையில் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். நடுவில் உள்ள வரியிலிருந்து மதத்தை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், மூன்றாவது வரி வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும். இது குண்டு வைத்ததற்கு நியாயம் சொல்வதாகாது. ஆனால் அடுத்த குண்டைத் தடுக்க வேண்டியவர்களுக்கு நடுவரி தெரிந்திருக்க வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து இன்னும் கசப்பான கதை. 2019 தாக்குதலின் தலைவன் அந்த ஊர்க்காரன். 2017 மார்ச் 10இல் அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் சூபி வழியைப் பின்பற்றுகிறவர்களைத் தாக்கினார்கள். அவனைப் பற்றிப் பொலிசிடம் எச்சரித்தவர்களே அந்த ஊர் முஸ்லிம்கள்தான். “வெளியில அதை எங்கட ஊருக்குள்ள ரெண்டு கோஷ்டிச் சண்டையாத்தான் பார்த்தாங்க” என்றார் தங்கை. மதத்துக்கு உள்ளே ஒருவன் இன்னொருவனின் வழிபாட்டைத் தடுக்கும்போதே அது மதச் சுதந்திரச் செய்தி. அங்கேதான் அடையாளம் முதலில் தெரியும். நமக்கோ இரண்டு மதம் மோதினால்தான் முதல் பக்கம். 2019 ஏப்ரல் 4இலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போனது. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் கட்சி இது: ‘குறிப்பிட்ட பிரிவினர்’ என்று எழுதினால் வாசகர் நிரப்பிக்கொள்கிறார், பெரும்பாலும் தப்பாக. மறைப்பதா சொல்வதா என்று கேட்பதே பழைய கேள்வி. மதம் சம்பவத்துக்குக் காரணமா என்று பார்க்க வேண்டும். கடன் தகராறில் குத்திக்கொண்டவர்கள் வேறு வேறு மதம் என்றால் மதத்துக்கு அந்தச் செய்தியில் வேலை இல்லை, கடன் தகராறு என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட வேண்டும். பள்ளிவாசலையோ கோயிலையோ குறிவைத்துத் தாக்கினார்கள் என்றால் அதைச் சொல்லாமல் செய்தியே கிடையாது. நாகர்கோவில் நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர் வீட்டுப் பிள்ளை அவர். சாப்பாட்டு மேசையில் தொடங்கிய விவாதம் ரசம் ஆறும் வரை ஓடி, முடியாமல் நின்றது.

மார்ச் 21, வியாழன். மீண்டும் எழும்பூர்

இன்றைக்கு வேலை விரலுக்கு. 38 விநாடி வீடியோ ஒன்றைக் கொடுத்தார்கள். ‘சென்னையில் நேற்று தேர் மீது கல்வீச்சு’ என்று தலைப்பு. பயிற்சிக்காகவே தயாரித்தது. உண்மையா என்று 40 நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

முதலில் தவறியவர்கள் நாங்கள் மூவர். நேராகத் தேடலில் இறங்கிவிட்டோம். அதற்கு முன் அனுப்பியவரிடம் மூலக்கோப்பைக் கேட்டிருக்க வேண்டும், அதையும் வீடியோவாக அனுப்பச் சொல்லாமல் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பச் சொல்ல வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். எடுத்த நேரம், கருவி போன்ற விவரங்கள் உதிர்ந்துவிடும். அனுப்பியவர் “எனக்கும் பார்வேர்டுதான்” என்றால் அவருக்கு அனுப்பியவர் யார் என்று மேலே ஏற வேண்டும். மூன்றாம் படிக்கு மேல் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதுவே ஒரு தகவல்.

பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஏழெட்டு நிலைப்படங்கள். கூட்டம் நிறைந்த படத்தால் பயனில்லை, எல்லா ஊர்க் கூட்டமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கேமரா சட்டென்று திரும்பும் அரை விநாடிதான் புதையல். எங்கள் வீடியோவில் 23ஆம் விநாடியில் ஒரு பெயர்ப்பலகையின் ஓரம் தெரிந்தது, தெலுங்கு எழுத்து. அதற்கடுத்த படத்தில் ஒரு ஆட்டோவின் பதிவெண் ‘ஏபி’ என்று தொடங்கியது. அந்தப் படங்களை கூகுள், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் போட வேண்டும். ஒன்றில் சிக்காதது மற்றொன்றில் சிக்கும்.

கடைசியாக, படத்தை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பது. படம் மூன்று இடத்தில் வெட்டுப்பட்டு ஒட்டியிருந்தது, கோஷமோ எங்கும் அறுபடாமல் ஓடியது. வேறு இடத்துக் கோஷம். அதை முதலில் பிடித்தவர் மட்டக்களப்புக்காரர். “இந்தக் கதை மெட்ராஸ் கதை இல்லையே” என்று பேச்சு வழக்கை வைத்தே சொல்லிவிட்டார்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பரவியதும் இந்த வகைதான். காவல்துறை விளக்கியபடி ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்கு உள்ளேயே நடந்த அடிதடி, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது. விளக்கம் வருவதற்குள் சென்ட்ரலில் மூட்டையோடு ரயிலுக்கு நின்றவர்களைச் சென்னை நிருபர் நேரில் பார்த்திருக்கிறார். பொய் என்று எழுதும்போதும் முறை உண்டு. வீடியோவை அப்படியே போடக் கூடாது, குறுக்கே முத்திரை அடித்த நிலைப்படம் மட்டும். தலைப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ‘தேர் மீது கல் வீசப்பட்டதா?’ என்று கேள்வி வைத்தால் வாசகர் கேள்விக்குறியை விட்டுவிட்டு மிச்சத்தை நினைவில் வைத்துக்கொள்வார். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15இல் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையாகவே ஒளிபரப்பினான். அடுத்த 24 மணி நேரத்தில் மட்டும் 15 லட்சம் நகல்களை நீக்கியதாக பேஸ்புக் சொன்னது. அந்த நகல்களில் சில செய்தி நிறுவனங்கள் ‘தகவலுக்காக’ வெட்டிப் போட்டவை.

கிழக்கு இலங்கையின் அம்பாறைக் கதையை இருட்டிய பிறகு மொட்டை மாடியில் கேட்டோம். 2018 பிப்ரவரியில் ஒரு முஸ்லிம் கடையின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று கூட்டம் கூடிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கியது. அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னது: அது மாவுக்கட்டி. சாப்பிட்டால் நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. இதை அன்றிரவே ஒரு மருத்துவர் ஊர் மொழியில், அதாவது சிங்களத்தில், ஒரு நிமிடம் பேசிப் பரப்பியிருந்தால்? ஆய்வு முடிவுக்குக் காத்திருந்தார்கள். சில நாளில் கண்டிக்குப் பக்கத்தில் திகன பற்றி எரிந்தது. அரசு பேஸ்புக்கை முடக்கியது, 2019இலும் முடக்கியது. வதந்தி விபிஎன் வழியே போனது, மறுப்புதான் போகவில்லை என்கிறார் மட்டக்களப்புக்காரர்.

மார்ச் 22, வெள்ளி. திருவல்லிக்கேணி

காலையில் சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 295ஏ, 505(2). 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 299, 353. மூன்றையும் ஒரே மூச்சில் ‘மதவெறுப்புச் சட்டம்’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். முதலாவது பிரிவினரிடையே பகை மூட்டுவது, இரண்டாவது மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது, மூன்றாவது பகை மூட்டும் வதந்தியைப் பரப்புவது.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மத வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்க வந்தது. 2019 மே மாதம் அதன்படி ஒரு பெண் கைதானார். அவர் உடுத்தியிருந்த கவுனில் இருந்தது கப்பல் சுக்கான் சக்கரம். தர்மச்சக்கரம் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். வெறுப்புப் பேச்சை எடைபோட ஐ.நா. வகுத்த 2012 ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகள் வைத்திருக்கிறது: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, என்ன வடிவில் சொன்னார், எவ்வளவு பரவியது, உடனே தீங்கு நேர வாய்ப்பு உண்டா. சுக்கான் கவுன் ஆறிலும் தேறாது. பொலிஸ் நிலையத்தில் யாருக்காவது இந்த ஆறும் தெரிந்திருந்தால் முதல் கேள்வியோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மாலை வாலாஜா பெரிய பள்ளிவாசல். 1795இல் கட்டியது, சாம்பல் நிறக் கருங்கல், முன்னால் கண்ணுக்கு எட்டும் தூரம் வெட்டவெளி. வெயில் இறங்கியும் கல் சுடுகிறது. நோன்பு திறக்க 20 நிமிடம் இருக்கும்போது சூபிதார் தொண்டர்கள் பாத்திரங்களோடு வந்து சேர்ந்தார்கள். பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு, மயிலாப்பூரில் இடம். 30 ஆண்டுகளுக்கு மேலாக ரமலான் முழுக்க இந்துக்களான இவர்கள் தொப்பி அணிந்துகொண்டு இங்கே பரிமாறுகிறார்கள். சைவச் சாப்பாடுதான். பேரீச்சம்பழம், பழத்துண்டு, காய்கறி பிரியாணி. எதிர்வரிசைச் சிறுவன் பாங்கு சொல்லும் முன் பழத்தைத் தொட, பக்கத்துப் பெரியவர் பேசாமல் அவன் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டார். பாங்கு வந்ததும் விட்டுவிட்டார்.

ஆண்டுதோறும் இதைப் பல பத்திரிகைகள் ‘நல்லிணக்கம்’ என்று படம் போடுகின்றன. போடட்டும். ஆனால் படம் எடுக்க வந்த இரண்டு பேரிடமும் பள்ளிவாசல் நிர்வாகியின் கைபேசி எண் இருக்கிறதா என்று சென்னை நிருபர் விளையாட்டாகக் கேட்டார். இல்லை. கோவையில் 2022 அக்டோபர் 23 அதிகாலை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்தபோது முதலில் வந்தது ‘காஸ் சிலிண்டர் விபத்து’. ஜமாஅத்தில் யாரைக் கேட்பது, கோயிலில் யாரைக் கேட்பது என்று எண் வைத்திருந்தவர்கள்தான் அன்றைக்கு அடுத்த வரியை எழுதினார்கள்.

மார்ச் 23, சனி. மயிலாப்பூர்

திருவல்லிக்கேணியிலிருந்து பறக்கும் ரயில், 5 ரூபாய். நாகர்கோவில்காரர்கள் மட்டும் பாரிமுனையில் வேலை முடித்துக் கடற்கரை நிலையத்தில் ஏறப் போய் ஏமாந்தார்கள். நான்காவது பாதை வேலையால் ரயில் அப்போது சிந்தாதிரிப்பேட்டையில்தான் தொடங்கியது. ஆட்டோவுக்கு 250 கேட்டு 200க்கு ஒத்துக்கொண்டாராம்.

அறுபத்துமூவர். மாட வீதிகளில் இறங்கினால் நாமாக நடக்க வேண்டியதில்லை, கூட்டம் நடத்திக்கொண்டு போகும். பத்தடிக்கு ஒரு பந்தல்: நீர்மோர், பானகம், புளியோதரை, ரோஸ்மில்க். யாரும் காசு கேட்பதில்லை, வாங்காமல் போனால்தான் கோபம். கபாலி முன்னே வர, நாயன்மார்கள் நான்கு நான்கு பேராகப் பல்லக்கில் வந்தார்கள்.

நாலரை மணி இருக்கும், தெற்கு மாட வீதி முனையில் திடீரென்று சலசலப்பு. சிலர் பின்னால் ஓடிவர, ஒருவர் குழந்தையைத் தோளுக்குத் தூக்கினார். “அடிதடியாம்”, “கல்லு விட்டாங்களாம்.” ‘ஆம்’ என்ற விகுதியைக் கவனியுங்கள். தமிழில் வதந்திக்கு இலக்கணமே உண்டு. கேள்விப்பட்டதைக் கண்டதுபோல் சொல்ல நம் மொழி சுலபத்தில் விடாது. அச்சில் ஏறும்போது நாம்தான் அந்த ‘ஆம்’-ஐ வெட்டிவிடுகிறோம்.

வியாழனன்று படித்ததைச் செய்து பார்த்தோம். மூன்று பேர் மூன்று பக்கம் பிரிந்து, ஓடிவந்தவர்களிடம் ஒரே கேள்வி: “நீங்க கண்ணால என்ன பார்த்தீங்க?” ஏழு பேரில் ஐந்து பேர் எதுவும் பார்க்கவில்லை, மற்றவர் ஓடியதால் ஓடினார்கள். ஒருவர் சத்தம் கேட்டிருக்கிறார். ஏழாவது அம்மா மட்டும் சேலையைக் காட்டினார், முழங்கால் வரை மோர். பந்தலில் மோர் டிரம் சரிந்து, ஸ்டூல் உருண்டு, ஒரு பெஞ்சு கவிழ்ந்திருக்கிறது. அவ்வளவுதான். மோர் ஊற்றிய பையன் கறிவேப்பிலையைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டு, திட்டுகிற அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் நின்றான்.

4.52க்கு எங்களில் ஒருவருடைய குடும்பக் குழுவில் வந்தது: ‘மயிலாப்பூர் பக்கம் போகாதீங்க, டென்ஷன்.’ தலையில் இரட்டை அம்புக்குறி, பலமுறை கைமாறியதற்கான அடையாளம். அப்படிப்பட்டதை 2020இலிருந்து ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாது. அதற்கு முன் 2018இல் இந்தியாவில் ஐந்து என்று குறைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. கட்டுப்பாடு வேகத்தைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. நகலெடுத்து ஒட்டினால் அம்புக்குறியே காணாமல் போகும்.

குழுவுக்குப் போட்ட பதில்: ‘4.30க்கு தெற்கு மாட வீதியில் மோர் டிரம் சரிந்தது. யாருக்கும் காயமில்லை. 5 மணிக்கு ஊர்வலம் நகர்கிறது, நேரில் நிற்கிறோம்.’ கூடவே கவிழ்ந்த டிரம்மின் படம். ‘வதந்திகளை நம்பாதீர்’ என்று எழுதவில்லை. அது எதையும் சொல்லாத வாக்கியம். குழுவில் அத்தை ஒருவர் கேட்ட ஒரே கேள்வி, மோர் மிச்சம் இருக்கிறதா என்பது.

மார்ச் 24, ஞாயிறு. சாந்தோம்

குருத்து ஞாயிறு. பேராலயத்தின் வெள்ளைக் கோபுரத்துக்குக் கீழே எல்லார் கையிலும் குருத்தோலை. இப்போதைய கட்டடம் 1896இல் எழுந்தது. மட்டக்களப்புக்காரர் ஓலையை நான்கே மடிப்பில் சிலுவையாக்கினார். தங்கைக்கு ஒரு கிளி செய்து கொடுத்தார். நுழைவாயிலில் காவலர் இருவர், பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் சொல்லாமலே திறந்து காட்டினார்கள்.

கடைசிப் பயிற்சி கடற்கரை மணலில், டீ 15 ரூபாய். அவரவர் ஊருக்கு ஓர் எண் பட்டியல்: ஜமாஅத் செயலாளர், பங்குத்தந்தை, கோயில் செயல் அலுவலர், காவல் ஆய்வாளர், அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர், வியாபாரிகள் சங்கம், அந்தத் தெருவில் நள்ளிரவு வரை திறந்திருக்கும் ஒரு கடை. ஆளுக்கு இரண்டு எண்ணாவது வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்தப் பிரச்சினையும் இல்லாத நாளில், கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும். கலவரத்தன்று முதல்முறையாகக் கூப்பிடுகிறவரை யாரும் நம்பமாட்டார்கள்.

சேரன் எக்ஸ்பிரசுக்கு நேரமிருந்தது. கோவைப் பட்டியலில் 11 எண்களையும் அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஆறு பேர் எடுத்தார்கள். நான்கு எண் உபயோகத்தில் இல்லை. ஆய்வாளர் என்று குறித்து வைத்திருந்த எண்ணை எடுத்தவர் ஒரு கறிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை அதுவும், எத்தனை கிலோ வேண்டும் என்று சீக்கிரம் சொல்லச் சொன்னார்.